வாசகர் கேள்வி: பெருஞ்சுமை வேகனும் டிரான்ஸ்ஃபார்மரும்

கேள்வி: என் மாதிரி ரயிலுக்காக, நடுத்தளம் தாழ்ந்த பெருஞ்சுமை வேகன் ஒன்றை 1:87 அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக) செய்து, அதில் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை ஏற்றியிருக்கிறேன். வளைவில் கவிழ்கிறது; பார்வைக்கும் பொம்மை போலவே தெரிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: கவிழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் எடை மேலே இருப்பதுதான். டிரான்ஸ்ஃபார்மரை உள்ளீடற்றதாகச் செய்துவிட்டு, எடையைத் தாழ்ந்த தளத்தின் அடியில் ஒட்டுங்கள். அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி, 28 கிராமுடன் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம் வேண்டும். 8 அங்குல வேகனுக்குச் சுமார் 140 கிராம் ஆகும். பாரிமுனைக் கடைகளில் கிடைக்கும் இரும்பு வாஷர்களே இதற்குப் போதும்.

பொம்மைத் தோற்றத்துக்குக் காரணம் வேறு. பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களைக் குளிர்விப்புத் தகடுகள், பீங்கான் புஷிங்குகள் (மின்கம்பி வெளிவரும் இடத்தில் உள்ள காப்புக் குழாய்கள்), மேலிருக்கும் எண்ணெய்த் தொட்டி ஆகியவற்றைக் கழற்றித் தனியாக அனுப்பிவிட்டு, எண்ணெயையும் வடித்து, உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ நிரப்பித்தான் பொதுவாக ரயிலில் ஏற்றுவார்கள். ஆகவே அவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, அந்தந்தத் திறப்புகளில் போல்ட் வரிசையுடன் கூடிய வட்ட மூடித் தகடுகளை ஒட்டினால், சுமை உடனே நம்பும்படியாகிவிடும்.

சக்கர அச்சுகளையும் எண்ணிப் பாருங்கள். வேகனும் சுமையுமாக 300 டன் என்றால், அச்சுக்கு 20 டன் வீதம் 15 அச்சுகள், அதாவது நடைமுறையில் 16, தேவைப்படும். நான்கே அச்சுகள் எனில் கண் ஏற்காது. நமது அகலப்பாதையின் தண்டவாள இடைவெளியான 1,676 மி.மீ. இந்த அளவில் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரும் என்றாலும், கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

நீண்ட வேகனின் நடுப்பகுதி வளைவின் உட்புறம் பிதுங்கும் என்பதால், நடைமேடையை ஒட்டுவதற்கு முன் வேகனைக் கையால் தள்ளி இடைவெளியைச் சரிபாருங்கள்.