வர்தாவைப் பார்த்தவனுக்கு டொர்னாடோ எம்மாத்திரம் என்று கேட்ட தம்பிக்கு

வேலைக்காக அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துக்கு வருகிறீர்கள், அங்கே டொர்னாடோ என்ற சுழல்காற்று சிதைத்த வின் ஊரின் படங்களைப் பார்த்து வீட்டில் பயப்படுகிறார்கள், "சென்னையில் வர்தாவையே பார்த்தாச்சு, இது என்ன பெரிசா?" என்று கேட்டிருந்தீர்கள். நானும் அந்தக் கணக்கோடுதான் இதே மாநிலத்து ஜோன்ஸ்பரோ ஊருக்கு வந்தேன்.

நம் பத்திரிகைகள் இரண்டையும் சூறாவளி என்றே எழுதிவிடுகின்றன, குழப்பம் அங்கேயே ஆரம்பம். வர்தா கரைக்கு வரும் முன் நாள்கணக்கில் டிவியில் வந்தது; பால், மெழுகுவர்த்தி எல்லாம் வாங்கி வைக்க நேரம் இருந்தது. டொர்னாடோவுக்குப் பல சமயம் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான், அதுவும் கிடைக்காமல் போவதுண்டு. போனில் "வாட்ச்" என்று வந்தால் உருவாகத் தோதான வானிலை என்று பொருள். வேலையைப் பாருங்கள், காதைத் திறந்து வையுங்கள். "வார்னிங்" என்றால் கண்ணிலோ ரேடாரிலோ பட்டுவிட்டது, உடனே ஒதுங்க வேண்டும். 2020 மார்ச் 28 மாலை வார்னிங் வந்தபோது நான் போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்க பால்கனிக்குப் போனேன். கீழ்வீட்டு அம்மா போட்ட சத்தத்தில்தான் இறங்கினேன். அன்று அந்த டொர்னாடோ எங்கள் ஊர் ஷாப்பிங் மாலையே பிய்த்துப் போட்டது. கொரோனா காலம், உள்ளே கூட்டமில்லை. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

வின்னுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2023 மார்ச் 31, வெள்ளிக்கிழமை. அன்றும் மறுநாளுமாக அமெரிக்காவின் மத்தியப் பகுதியிலும் தெற்கிலும் நூற்றுக்கும் மேற்பட்ட டொர்னாடோக்கள். மாநிலத் தலைநகர் லிட்டில் ராக்கிலும் அடித்தது. வின்னில் நான்கு பேர் இறந்தார்கள், உயர்நிலைப்பள்ளி சிதைந்தது. எங்கள் ஊரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம்கூட ஆகாது. அடுத்த வாரம் நண்பர்களோடு குப்பை அள்ளப் போனேன். மரங்களில் பட்டையே இல்லை. கிளைகளில் வீட்டுச் சுவருக்குள் வைக்கும் இளஞ்சிவப்புப் பஞ்சு தொங்குகிறது. நின்றிருந்த சுவர்களில் வீட்டு எண்ணும் இன்ஷூரன்ஸ் பாலிசி எண்ணும் ஸ்ப்ரே பெயின்டில். ஒரு தெரு தள்ளினால் பூந்தொட்டி அப்படியே இருக்கிறது. திரும்பும்போது டயரில் மூன்று ஆணி.

டொர்னாடோவின் வலிமையைச் சொல்லும் EF எண்கூட, சேதத்தைப் பார்த்துப் பிறகு போடுவதுதான். வின்னுக்கு 3, உச்சம் 5. அதனால் "இது எத்தனையாம்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பதில் பயனில்லை.

வீடு பார்க்கும்போது தரைத்தளம் கேளுங்கள். மாடிதான் கிடைத்தால், கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஜன்னல் இல்லாத உள்ளறை, பாத்ரூம், துணி அலமாரி இவைதான் இடம். வாடகை குறைவு என்று மொபைல் ஹோம், அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் லேசான வீடு, அந்தப் பக்கம் போகாதீர்கள். சைரன் வெளியில் இருப்பவர்களுக்கானது, ஏசி போட்டுத் தூங்கினால் கேட்காது. இரவில் போனை சைலன்ட்டில் போட்டாலும் அவசர எச்சரிக்கையை அணைக்காதீர்கள்.

அப்புறம், யாரும் சொல்லாத விஷயம். பேரிடர் என்று அறிவித்தாலும் அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமா தரும் பண உதவி, ஹெச்-1பி என்ற வேலை விசாவில் வந்தவருக்குக் கிடைக்காது. இங்கே பிறந்த குழந்தை இருந்தால் அதன் பேரில் கேட்கலாம். தண்ணீர், சாப்பாடு, தங்குமிடம் எல்லோருக்கும் உண்டு. ஆகவே வாடகைக்கு இருப்பவரின் பொருள்களுக்கான ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸை வந்த வாரமே எடுங்கள். காருக்குக் காம்ப்ரிஹென்சிவ் இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் மரம் விழுந்த செலவு உங்கள் தலையில்தான். பாஸ்போர்ட், விசா அனுமதிக் கடிதமான ஐ-797 எல்லாம் ஒரே பையில், கதவுக்குப் பக்கத்தில்.

பாத்ரூமில் ஒதுங்கும்போது ஷூ போட்டுக்கொண்டு போங்கள். வெளியே வரும்போது கண்ணாடி மேல்தான் நடக்க வேண்டியிருக்கும்.