வாசகர் கேட்டவை: வாவிக்கரைப் படங்களும் ஒரு ஜாஸ் பின்னேரமும்

போன மாதம் மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் ஒரு சின்ன ஆர்ட் கேலரியில, சுவர் முழுக்க நிலக்காட்சி ஓவியம் மாட்டி நடுவில ஒரு ஜாஸ் பேண்டையும் வாசிக்க விட்டு ஒரு பின்னேரம் நடத்தினவங்க. அதப்பத்தி வந்த கடிதமும் வட்ஸ்அப் மெசேஜும் கொஞ்ச நஞ்சமில்ல, அதால சமையல் கேள்வி, ராசிபலன் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டன். கோவிக்காதீங்க.

கேள்வி: நானும் போன நான். முதல்ல ஒரு மெட்டு வந்திச்சு, சோக்கா இருந்திச்சு. மறுகா ஆளுக்கொரு பக்கமா வாசிக்கத் தொடங்கிட்டாங்க, நடுவில சனம் கைதட்டுது, நானும் பாத்துட்டுத் தட்டினன். உண்மையில எப்ப தட்டணும்? (ஆரையம்பதி வாசகி)

பதில்: ஆளுக்கொரு பக்கமா போகல தங்கச்சி, எல்லாரும் ஒரே வட்டத்துக்குள்ளதான் சுத்தினவங்க. ஜாஸ் பாட்டு கனக்க 12 பார் இல்லாட்டி 32 பார் நீளமுள்ள ஒரு வட்டம் (பார் எண்டா தாளத்தின்ட ஒரு சின்னப் பகுதி), அதுக்குள்ள கோட்ஸ், அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டங்கள், ஒரு ஒழுங்கில வரும். முதல்ல எல்லாரும் சேர்ந்து மெட்ட வாசிப்பாங்க, பிறகு அந்த வட்டம் திரும்பத் திரும்ப ஓட அதுக்கு மேல ஒவ்வொருத்தரா அந்த நேரம் மனசில வாறத வாசிப்பாங்க, கடைசியில திரும்ப மெட்டுக்கு வந்து முடிப்பாங்க. கச்சேரியில கல்பனாஸ்வரம் பாடிட்டு பல்லவிக்குத் திரும்பி வந்து இறங்குறதக் கேட்டிருப்பீங்கதானே, அந்தக் காது உங்களுக்கு இருக்கு, அத வச்சே கேக்கலாம். ஒரு வித்தியாசம், எங்கட சங்கீதத்தில கீழ ஒரே சுருதி நிக்கும், ராகம்தான் விரியும், அங்க கீழ இருக்கிற கோட்ஸே மாறி மாறிப் போகும், வாசிக்கிறவர் அதுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு கொடுக்கணும். வழி தவறினா சாக்ஸபோன விட்டுட்டு அந்தப் பெரிய பேஸ் வாத்தியத்தக் கேளுங்க, அது வட்டத்த விடாது. ஒருத்தர் தன்ட சோலோவ முடிக்கிற இடத்தில தட்டினா சரி, தனியாவர்த்தனம் முடிய தட்டுறமே, அப்பிடித்தான். தட்டாம இருந்தாலும் ஒருத்தரும் உங்களப் புடிச்சுக் கேக்கப் போறதில்ல.

கேள்வி: கூத்து இருக்கு, பறைமேளம் இருக்கு, உடுக்கு இருக்கு. இதெல்லாத்தையும் விட்டுட்டு மட்டக்களப்பில ஜாஸ் எதுக்கு? நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? (களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: கோவம் விளங்குது ஐயா, ஆனா ஒண்டு இருக்கிறதால மற்றது கூடாதெண்டு இல்லையே. சம்பந்தம் கேட்டதால சொல்றன். ஜாஸ் பிறந்தது அமெரிக்காவில நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில. அங்க கொங்கோ ஸ்குவயர் எண்டு ஒரு திடல், 19ஆம் நூற்றாண்டின்ட முதல் பாதியில ஆப்பிரிக்காவில இருந்து அடிமையாக் கொண்டுவந்த சனமும் அவங்கட வாரிசுகளும் ஞாயிற்றுக்கிழமைகளில மேளம் அடிச்சு ஆடின இடம். அந்தத் தாளமும், புளூஸ் எண்ட கறுப்பினச் சனத்தின்ட பாட்டும், தேவாலயப் பாட்டும், தெருவில போற பித்தளை வாத்திய பேண்டும் கலந்து 1900 பக்கமா ஜாஸ் உருவாச்சு, முதல் ரெக்கோர்ட் 1917இல வந்திச்சு. இப்ப இங்க வருவம். எங்கட வெபர் ஸ்டேடியம் இருக்கே, அது ஆருட பேர்? மிக்கேல் கல்லூரிப் பொடியன்களுக்கு விளையாட்டுப் பழக்கின வெபர் அடிகளார், அவர் பிறந்ததே நியூ ஓர்லியன்ஸில. அவர் ஜாஸ் கொண்டுவந்தாரெண்டு நான் சொல்ல வரல, அந்த ஊர்ப் பேர் எங்களுக்கு அவ்வளவு தூரமில்ல எண்டுதான் சொல்றன். அதோட எங்கட பறங்கியர் கலியாண வீடுகளில வயலினோட ஆடுற கப்ரிஞ்ஞாவில போர்த்துக்கேயமும் ஆப்பிரிக்காவும் கலந்துதான் கிடக்கு, அதுவும் கப்பலில வந்து இந்த மண்ணில ஊறின இசை. ஜாஸ் இலங்கைக்குப் புதுசும் இல்ல, டேவ் புரூபெக் 1958இலயும் டியூக் எலிங்டன் 1963இலயும் கொழும்பில வந்து வாசிச்சவங்க. இங்க வர 60 வருசத்துக்கு மேல பிந்திட்டு, அவ்வளவுதான்.

ஒரு விசயத்தில உங்களோட நான் ஒத்துப்போறன். அடுத்த தடவை அதே மேடையில ஒரு கூத்து அண்ணாவியாரையும் மத்தளத்தோட இருத்திப் பாக்கலாம். ஆனா கலவை எண்ட பேரில ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில சத்தமா அடிக்க விடுறது வேண்டாம், ஒருத்தர் வாசிக்க மற்றவர் கேட்டுப் பதில் சொல்லட்டும்.

கேள்வி: படமெல்லாம் பாத்தன். கல்லடிப் பாலம், தென்னை, தோணி, பொழுது சாயிற வானம். என்ட போனிலயே இதவிட நல்ல போட்டோ இருக்கு. இதுக்கு ஏன் அவ்வளவு விலை? பாட்டு வேற எதுக்கு? (பாண்டிருப்பு வாசகர்)

பதில்: பாதி சரி தம்பி, பாதிதான். போட்டோ ஒரு செக்கனப் புடிக்குது, வரையிறவர் ரெண்டு மூண்டு மணித்தியாலம் ஒரு இடத்தில குந்தி இருக்கிறார், அதுக்குள்ள வெளிச்சம் நகர்ந்திரும், தண்ணியின்ட நிறம் மாறிரும், எத வைக்கிறது எத விடுறது எண்டு அவர்தான் முடிவெடுக்கணும். பிரான்சில மொனே எண்ட ஓவியர் 1890, 91இல ஒரே வைக்கோல் போரத் திரும்பத் திரும்ப வரைஞ்சதும் இதுக்குத்தான், வைக்கோல் மாறல, வெளிச்சம் மாறிச்சு. 1841இல ட்யூபில அடைச்ச பெயிண்ட் வந்த பிறகுதான் ஓவியர்கள் நிறத்தத் தூக்கிட்டு வெளியில போய் வரையிறது லேசாச்சு.

ஆனா உங்கட சலிப்பிலயும் நியாயம் இருக்கு. அண்டைக்கு மாட்டியிருந்த ஒரு படத்தில சூரியன் கடலுக்குள்ள மறையுது. எங்கட கடல் கிழக்குப் பக்கம், அங்க சூரியன் எழும்பும், மறையிறது வாவிப் பக்கம். ஆரோ கலண்டரப் பாத்து வரைஞ்சிருக்கிறார். அதவிட எனக்குப் பெரிய குறை, கனக்கப் படத்தில மனிசரே இல்ல. தோணி இருக்கு, தோணிக்காரன் இல்ல. வலை காயுது, வலை பொத்துற ஆள் இல்ல. தொல்காப்பியத்த எடுத்துப் பாருங்க, நிலம் எண்டா அங்க வெறும் காட்சி இல்ல, அந்த நிலத்துக்குத் தெய்வம், சாப்பாடு, மரம், பறவை, தொழில், அதோட பறையும் யாழும் சேர்ந்துதான் கருப்பொருள். நெய்தலுக்கு விளரி யாழ், மீன்கோட்பறை, மருதத்துக்கு மருத யாழ், நெல்லரிகிணை எண்டு பிறகு வந்த இலக்கண நூல்களில பட்டியலே இருக்கு. நெய்தலுக்கு உரிய நேரம் எற்பாடு, பொழுது சாயிற நேரம். அப்ப வாவிக்கரையில பின்னேரம் படத்தையும் வாத்தியத்தையும் ஒண்டா வைக்கிறது வெள்ளைக்காரன்ட புது ஐடியா எண்டு நினைக்கத் தேவையில்ல, நிலத்துக்கு ஒரு இசை எண்டு எங்கட ஆக்கள் அப்பவே எழுதி வச்சிருக்காங்க. அந்தப் பழைய யாழ்களப்பத்தி 1947இல யாழ் நூல் தந்த விபுலானந்த அடிகள் காரைதீவுக்காரர், உங்கட பாண்டிருப்பில இருந்து கொஞ்சத் தூரம். அவர் எங்கட வாவியில பாடுற மீனையும் விடல, நீரரமகளிர் எண்டு அதுக்கும் பாட்டெழுதினவர்.

அடுத்த முறை போனா இப்பிடிச் செஞ்சு பாருங்க. ஒரு பாட்டு தொடங்கினதும் ஒரு படத்துக்கு முன்னால போய் நில்லுங்க, பாட்டு முடியும் வரைக்கும் நகராதீங்க. எட்டு பத்து நிமிசம் இருக்கும். அண்டைக்கு நான் பாத்த சனம் ஒரு படத்துக்கு முன்னால செல்பி எடுக்கிற நேரம்தான் நிண்டது, அப்பிடிப் பாத்தா எல்லாப் படமும் கலண்டர்தான். விலை ஒத்துவராட்டி வாங்க வேண்டாம், பிரிண்ட் இருக்கா எண்டு கேளுங்க, கேக்கிறதில வெக்கமில்ல.

கேள்வி: வயலும் கொக்கும் இருக்கிற ஒரு வாட்டர்கலர் படம் வாங்கிட்டன், பிரேம் இல்ல. எங்கட வீடு கடற்கரையோரம், எல்லாம் பூஞ்சணம் புடிக்கும். என்ன செய்யிறது? (அக்கரைப்பற்று வாசகி)

பதில்: கண்ணாடி போட்டு பிரேம் பண்ணுங்க அக்கா, ஆனா தாள் கண்ணாடியில முட்டக்கூடாது, நடுவில மவுண்ட் போர்ட் வச்சு இடைவெளி விடச் சொல்லுங்க, முட்டினா ஈரம் அங்கதான் தங்கும். கடைக்காரர் பின்னால சாதாரண மட்டை வச்சு செலோடேப் ஒட்டப் பாப்பார், விடாதீங்க, ரெண்டும் தாள மஞ்சளாக்கும், அசிட் இல்லாத போர்ட் கேட்டு வாங்குங்க. வெயில் நேர விழுற இடத்தில மாட்டினா நிறம் வெளுக்கும். மாரியில நனையிற வெளிச்சுவரும் வேண்டாம், உள்சுவர்தான் நல்லம். பிரேமின்ட கீழ் மூலை ரெண்டிலயும் பின்னால சின்னக் கோர்க் துண்டு ஒட்டினா காத்துப் போகும். துடைக்கும்போது தண்ணியக் கண்ணாடியில அடிக்காம துணியில நனைச்சுத் துடைங்க. நல்ல படம் வாங்கியிருக்கீங்க, வயலையும் ஆராவது வரையத்தான் வேணும், எல்லாரும் கடலையே வரையிறாங்க.

கேள்வி: மகனுக்கு 11 வயசு, அண்டைக்கு சாக்ஸபோனப் பாத்ததில இருந்து அதேதான் வேணுமாம். எங்கட சங்கீதத்துக்கு அது உதவுமா? (செங்கலடி வாசகர்)

பதில்: கத்ரி கோபால்நாத் வாசிச்சதக் கேக்க விடுங்க, 2019இல காலமாகும் வரைக்கும் சாக்ஸபோனில கர்நாடக சங்கீதம்தான் வாசிச்சவர். 1846இல பெல்ஜியக்காரர் ஒருத்தர் காப்புரிமை எடுத்த வாத்தியம், கமகம் அதில வராது எண்டவங்களுக்கு அவர் வாசிச்சே பதில் சொல்லிட்டார். 11 வயசு சரியான வயசு, ஆனா அல்டோ சாக்ஸபோனே ரெண்டரைக் கிலோ அளவில வரும், கழுத்துப் பட்டி இல்லாமத் தூக்க விடாதீங்க. உடன காசக் கொட்டி வாங்காம, பாடசாலை பேண்டில கிளாரினெட் இருந்தா முதல்ல அத ஊதிப் பழகட்டும், வாயும் மூச்சும் பழகினா மாறுறது லேசு.

கேள்வி: சத்தம் தாங்கல. பக்கத்தில இருக்கிறவங்க கதைக்கிறது கேக்கல. கேலரிக்காரருக்குச் சொல்லி வையுங்க. (வாழைச்சேனை வாசகர்)

பதில்: சொல்லியாச்சு. சீமெந்துச் சுவர், டைல்ஸ் நிலம், கண்ணாடி ஜன்னல், சத்தம் போக இடமில்லாம அடிபட்டுத் திரும்பி வருது. அந்த அளவு அறைக்கு ட்ரம்ஸுக்கு மைக்கே தேவையில்ல, தடிய வச்சிட்டு ட்ரம்ஸுக்கெண்டு இருக்கிற கம்பிப் பிரஷ்ஷால வாசிச்சாக் காணும், படம் இல்லாத சுவரில தடிச்ச திரைச்சீலை போட்டா இன்னும் அமுங்கும். மற்றது ஐயா, பாட்டு நடக்கேக்க பக்கத்தில இருக்கிறவங்களோட என்ன கதை?