‘ஜீரோ எக்ஸஸ்’ எடுத்தால் மண் ரோட்டில் போகலாமா?

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து உலுரு பாறைக்குக் காரில் போகிறோம், வாடகைக்கு ஒரு எஸ்யூவி பேசியிருக்கிறோம். திரும்பும்போது ஊட்னடாட்டா டிராக் என்ற மண் பாதை வழியாக வர ஆசை. வண்டிக்குச் சேதமானால் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்குதான் ‘எக்ஸஸ்’, தினமும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி அதை இல்லாமலாக்கும் ‘ஜீரோ எக்ஸஸ்’ எடுத்துக்கொண்டால் எது நடந்தாலும் கைக்காசு போகாது என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் ‘தார் போடாத சாலை’ பற்றி என்ன இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். மார்ரியிலிருந்து மார்லா வரை 600 கி.மீ.க்கு மேல் ஊட்னடாட்டா டிராக் முழுக்க மண்ணும் சரளையும்தான், சாதாரண வாடகை வண்டிகளை அங்கே கொண்டுபோக அநேகமாக எந்த நிறுவனமும் விடாது. மீறிப் போனால் நீங்கள் கட்டிய ஜீரோ எக்ஸஸும் சேர்ந்தே செல்லாமல் போகும், வண்டிச் சேதம், இழுத்து வரும் கூலி எல்லாம் உங்கள் தலையில்தான். எஸ்யூவி என்ற பேரை வைத்து ஏமாற வேண்டாம், ‘மண் ரோட்டுக்கு அனுமதி உண்டு’ என்று எழுத்தில் இருக்க வேண்டும், கவுன்டரில் வாயால் சொன்னது போதாது.

நான் ஒரு தடவை ‘கொஞ்ச தூரம்தானே’ என்று சரளைப் பாதையில் திருப்பினேன். வண்டியைக் கழுவித்தான் ஒப்படைத்தேன், ஆனால் வாங்கிக்கொண்டவர் கதவைத் திறந்து ரப்பர் விளிம்பில் விரலை ஓட்டிக் காட்டினார், நுனியெல்லாம் செக்கச் செவேலென்று புழுதி. முன்கண்ணாடியில் கல் பட்ட விரிசலுக்கு முழுத்தொகையும் நான்தான் கட்டினேன்.

உங்களுக்கு என் யோசனை, போக வர இரண்டுக்கும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையே போதும். போர்ட் அகஸ்டா, கூபர் பெடி, எர்ல்டண்டா வழியாக உலுருவுக்குச் சுமார் 1,600 கி.மீ., முழுக்கத் தார் ரோடு. மண் பாதை கட்டாயம் வேண்டுமென்றால் அதற்கென்றே அனுமதியோடு தரும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை எடுங்கள், வாடகை நிறையக் கூடும், மழை பெய்தால் பாதையையே மூடிவிடுவார்கள், அதனால் கிளம்பும் அன்று காலையில் அரசின் சாலை நிலவர அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொரு ஷரத்து. ஊர் எல்லைக்கு வெளியே பொழுது சாய்ந்தபின் ஓட்டக்கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும், கங்காரு குறுக்கே பாய்வது அந்த நேரத்தில்தான். ஜூலையில் ஆறு மணி வாக்கிலேயே இருட்டிவிடும், ஒரு நாளைக்கு 600 கி.மீ.க்கு மேல் திட்டம் போடாதீர்கள். ஒரு நாளைக்கு இத்தனை கி.மீ.தான் என்ற வரம்பு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

எக்ஸஸுக்கு மட்டும் தனி இன்சூரன்ஸ் வெளியே பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். சேதமானால் முதலில் உங்கள் கார்டிலிருந்து பிடித்துவிடுவார்கள், பிறகுதான் நீங்கள் கிளெய்ம் செய்து வாங்க வேண்டும், அது சரி என்றால் எடுக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தை மீறினால் அதுவும் பெரும்பாலும் கைகொடுக்காது.

சாவி வாங்கும்போது பின்கதவைத் திறந்து ஸ்பேர் டயரைப் பாருங்கள். சில வண்டிகளில் பஞ்சர் ஒட்டும் டப்பா மட்டும்தான் இருக்கும். கிளெண்டம்போவுக்கும் கூபர் பெடிக்கும் நடுவே 250 கி.மீ.க்கு பெட்ரோல் பங்க்கே கிடையாது, அங்கே அந்த டப்பாவை நம்பி நிற்க முடியாது, முழு அளவு டயர் உள்ள வண்டியாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.