‘யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்று வந்தால் விண்டோஸை மறுபடி போட வேண்டுமா?

வேண்டாம். பிரிண்டரைச் செருகினால் இந்தச் செய்தி வருகிறது, டிரைவரை, அதாவது கருவியை இயக்க விண்டோஸுக்கு வேண்டிய மென்பொருளை, அழித்துவிட்டு மறுபடி போட்டும் மாற்றமில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் கோளாறு டிரைவரில் இருக்காது.

ஒரு யூஎஸ்பி கருவியைச் செருகியதும் கம்ப்யூட்டர் முதலில் அது யார் என்று விசாரிக்கும். கருவி தன் பதிலில் இரண்டு எண்களைச் சொல்லும். தயாரிப்பாளரைக் குறிப்பது விஐடி, பொருளைக் குறிப்பது பிஐடி. எந்த டிரைவரைப் போடுவது என்று விண்டோஸ் தேடுவதே இவற்றை வைத்துத்தான். பதிலே வரவில்லை என்றால் எந்த டிரைவரைப் போட்டும் பயனில்லை.

பதில் வந்ததா என்று நீங்களே பார்க்கலாம். விண்டோஸில் எல்லாக் கருவிகளையும் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் முக்கோணம் உள்ள வரியை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஐட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஐடி 0000 என்று இருந்தால் கருவி வாயே திறக்கவில்லை. பொதுவாக அதோடு, முதல் பக்கமான ஜெனரலில், எரர் கோடு (பிழை எண்) 43-ம் இருக்கும்.

அப்போது பார்க்க வேண்டியவை ஒயர், போர்ட், மின்சாரம். கேபினெட்டின் முன்பக்க போர்ட்டுகள் உள்ளே ஒரு ஒயர் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன. மலிவான கேபினெட்டுகளில் தொல்லை தொடங்குவதே அங்கேதான். பின்பக்க போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை, அதனால் அங்கே செருகிப் பாருங்கள். ஹப், எக்ஸ்டென்ஷன் எதுவும் நடுவில் வேண்டாம். அடுத்து கேபிளை மாற்றுங்கள். போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் என்றால் மின்சாரமும் போதாமல் போகலாம்: யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900.

எந்தக் கருவியைச் செருகினாலும் இதே கதை என்றால், கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து பிளக்கையே பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். ஷட் டவுன் செய்தாலும் மதர்போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். போர்ட்டுகளை நடத்தும் யூஎஸ்பி கண்ட்ரோலர் குழம்பிப் போயிருந்தால், அது தெளிய அதுவும் நிற்க வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். அப்புறம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கீபோர்டு மவுஸ் மட்டும் வைத்து ஒவ்வொன்றாகச் செருகுங்கள். வளைந்த ஊசி உள்ள ஒரு போர்ட்டோ, கெட்டுப்போன ஒரு பென் டிரைவோ மற்றவற்றையும் சேர்த்துக் கெடுக்கலாம்.

பிரிண்டரை வேறொரு கம்ப்யூட்டரிலும் செருகிப் பாருங்கள். அங்கேயும் தெரியவில்லை என்றால் உங்கள் விண்டோஸ் மேல் பழி போட முடியாது.

சரி, எண் ஒழுங்காக இருக்கிறது, எரர் கோடு 28 காட்டுகிறது என்றால் டிரைவர் இல்லை என்று பொருள். அந்த எண்ணையே கூகுளில் போட்டுத் தேடுங்கள். உதாரணமாக, 1ஏ86, 7523 என்று இருந்தால் அது யூஎஸ்பியை சீரியல் போர்ட்டாக மாற்றும் சிஎச்340 சிப். டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள் பக்கமே போகாதீர்கள்.

டிரைவரே கருவியை முடக்கிய கதையும் உண்டு. 2014-இல், இதே வகை சிப்புகளைச் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, அவர்களுடைய சிப்பைப் போலவே செய்த போலிகளின் பிஐடியை 0000 என்று மாற்றிவிட்டது. வாங்கியவருக்கு அது போலி என்றே தெரியாது, தண்டனை மட்டும் அவருக்கு. பிஎல்2303 என்ற இன்னொரு சிப் உள்ள பழைய யூஎஸ்பி-சீரியல் கேபிள்களிலும் புது டிரைவர் எரர் கோடு 10 காட்டி வேலை செய்ய மறுக்கும். அங்கே பழைய டிரைவரைத்தான் தேட வேண்டும்.

கருவி தெரிகிறது, ஆனால் விட்டு விட்டு அறுந்துபோகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் ‘யூஎஸ்பி ரூட் ஹப்’பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் சேமிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். வயர்லெஸ் மவுஸ் மட்டும் தடுமாறினால் அதன் ரிசீவரை யூஎஸ்பி 3.0 டிரைவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 3.0-இன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் புகுந்துவிடும்.

உங்கள் பிரிண்டர் 0000 இல்லாமல் வேறு எண் காட்டினால் அதையும் எரர் கோடையும் கீழே எழுதுங்கள், எந்த டிரைவர் என்று பார்க்கலாம்.