பழைய டிவியில் எச்.டி.ஆர். படம் வெளிறுவது ஏன்?

கேள்வி: கணினியிலிருந்து எச்.டி.ஆர். (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை விரிவாகக் காட்டும் முறை) வீடியோவை எங்கள் பழைய டிவியில் ஓட்டினால், படம் சாம்பல் பூத்தது போல் தெரிகிறது. டிவி பழுதா?
– வாசகர், மயிலாப்பூர், சென்னை

பதில்: டிவியில் பழுதில்லை. சாதாரணத் திரைக்கான படம் சுமார் 100 நிட் (ஒளிர்வை அளக்கும் அலகு) ஒளிர்வை அளவாகக் கொண்டு தயாராகிறது, எச்.டி.ஆர். படங்களோ பெரும்பாலும் 1000 நிட் வரை, வேறொரு ஒளிர்வு வளைகோட்டிலும் (ஒளிர்வை எண்களாக மாற்றிப் பதியும் கணக்கு) விரிந்த வண்ணப் பரப்பிலும் பதியப்படுவதால், மாற்றாமல் அனுப்பினால் கறுப்பு சாம்பலாகவும் சிவப்பு மங்கலாகவும் தெரியும். கணினியில் எம்.பி.வி. (mpv) என்ற வீடியோ பிளேயரை நிறுவிக்கொள்ளுங்கள், ஒளிர்வைத் திரைக்கேற்பச் சுருக்கும் டோன் மேப்பிங்கை அது தானாகவே செய்கிறது. ஆனால், மெரினா வெயிலில் எடுத்த காட்சியில் அலை நுரையின் நுணுக்கமெல்லாம் தெரிய வேண்டுமென்றால், மற்ற பகுதிகள் சற்று இருள நேரும். முகங்கள் இருள்வதைவிட நுரை வெளுப்பதே மேல் என்பது என் கருத்து. டிவியின் பிரைட்னஸை மட்டும் ஏற்றாதீர்கள். கறுப்பு இன்னும் வெளிறிவிடும்.