பகடை விழுந்தால் சம்மதமாகிவிடுமா?

கேள்வி: ஆடுபவர் ஒரு கதாபாத்திரமாகவே மாறி விளையாடும் ரோல் பிளேயிங் வகை வீடியோ கேம்களில், துணையாக வரும் பாத்திரத்தை அதன் விருப்பத்துக்கு மாறாக, சில வேளை பகடை உருட்டியும், வற்புறுத்தும் தேர்வுகளும் காதல் கதைக்குள் வருகின்றன. அவற்றை அடியோடு நீக்கிவிட்டால் என்ன?

பதில்: நீக்க வேண்டியதில்லை. அந்தத் தேர்வுக்குப் பிறகு கதை என்ன செய்கிறது என்பதையே நான் கவனிப்பேன். 2023இல் வெளியான 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டில், இருநூறு ஆண்டுகள் அடிமையாக இருந்து, எசமானனுக்கு இரை பிடித்துத்தரத் தன் உடலையே தூண்டிலாக்க நேர்ந்த, நமக்குத் துணையாக வரும் இரத்தக்காட்டேரி அஸ்டாரியனிடம், தன்னைக் கடித்தால் அரிய மருந்தொன்று தருவதாக ஒரு பெண் சொல்கிறாள். அவன் தயங்கி மறுத்த பின்னும் நாம் பேசிப்பேசி அவனை இணங்கவைக்கலாம். மருந்தும் கிடைத்துவிடும், ஆனால் நம்மீது அவன் வைத்திருந்த மதிப்பு சரிகிறது. மாறாக, அவன் மறுப்புக்குத் துணை நின்றால் பின்னொரு நாள் நன்றி சொல்கிறான்.

உண்மையில் என்னை உறுத்துவது இத்தகைய காட்சிகள் அல்ல, யாரும் குறை சொல்லாத கணக்குமுறைதான். 2009இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' விளையாட்டில் பரிசுகளை அடுக்கிக்கொண்டே போனால் துணைவரின் விருப்பப் புள்ளிகள் ஏறும், அன்பை விலைக்கு வாங்குகிறோம் என்ற உறுத்தலே நமக்கு எழுவதில்லை. (நானும் அப்படி வாங்கியவன்தான்.) அதே வரிசையில் 2014இல் வந்த 'இன்க்விசிஷன்' விளையாட்டிலோ, அயர்ன் புல் என்ற பாத்திரம், எந்தக் கணத்திலும் 'கட்டோ' என்று சொன்னால் அந்தரங்க நெருக்கம் எல்லாம் நின்றுவிடும் எனக் காதலருக்குச் சொல்லிவைக்கிறது.