புளியரைக் காற்றுக்கு எந்த போர்டு?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஃபோம் ஷீட்டில் ஒன்றரை மீட்டர் இறக்கை வைத்து ஒரு விமானம் செய்கிறேன், எங்கள் வயலையும் தென்னந்தோப்பையும் மேலிருந்து படம் எடுக்க. அதைத் தானாக ஓட்டும் போர்டாக, கையில் இருக்கும் ஆர்டுயினோ ஊனோ போதுமா? பழைய ஏபிஎம் போர்டு ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா? இல்லை பிக்ஸ்ஹாக் வரை போக வேண்டுமா?
– ஒரு வாசகர், புளியரை

பதில்: தம்பி, போர்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் அதில் எந்த மென்பொருள் ஓடப்போகிறது என்று முடிவு செய்யுங்கள், விமானத்தை ஓட்டப்போவது அதுதான். பீட்டாஃப்ளைட், ஐநாவ், ஆர்டுபைலட் என்று மூன்று மென்பொருள்கள் உண்டு. பீட்டாஃப்ளைட் பந்தயத்துக்குப் பறக்கும் குட்டி ட்ரோன்களுக்காக வளர்ந்தது, உங்களுக்கு வேண்டாம். ஐநாவ் நல்லது, அமைப்பதும் சுலபம். ஆனால் வயலுக்கு மேல் ஏர் உழுகிற மாதிரி வரிசை வரிசையாகப் போய்வந்து படம் எடுக்க வேண்டுமென்றால் ஆர்டுபைலட்தான் என் கட்சி. கணினியில் அதன் துணை மென்பொருளான மிஷன் பிளானரைத் திறந்து வயலைச் சுற்றிக் கோடு போட்டால் பாதையை அதுவே வகுத்துத் தரும். இரண்டும் இலவசம்.

இது முடிவானால் உங்கள் கேள்வியில் பாதி தானே உதிர்ந்துவிடும். ஊனோவில் இருப்பது 16 மெகாஹெர்ட்ஸ் சிப், 2 கிலோபைட் ராம், அதில் ஆர்டுபைலட் ஏறாது. ஏபிஎம்முக்கு ஆர்டுபைலட்டின் ஆதரவு நின்று பல வருஷம் ஆகிறது, அது மலிவாக வருவதும் அதனால்தான். மேடெக் எஃப்405 விங், ஸ்பீடிபீ எஃப்405 விங் போன்றவை இறக்கை விமானத்துக்கென்றே செய்தவை, 168 மெகாஹெர்ட்ஸ் சிப், 1 மெகாபைட் நினைவகம், உங்கள் வேலைக்குத் தாராளம். 1 மெகாபைட்டில் ஆர்டுபைலட்டின் எல்லா வசதியும் அடங்காது என்பதால் எதை விட்டிருக்கிறார்கள் என்று மட்டும் வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். பிக்ஸ்ஹாக் சூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழகத்தில் மாணவர் முயற்சியாகத் தொடங்கியது, நல்ல போர்டு, சென்சார்கள் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். ஆனால் அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் நீங்கள் காற்றுவேக சென்சார் வாங்குங்கள் என்பேன்.

ஏன் என்றால், ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் மேல்காற்றை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த அளவு விமானம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டரில் பறக்கும், எதிர்க்காற்றும் அதே வேகத்தில் வந்தால் அந்தரத்தில் நின்றுவிடும். ஜிபிஎஸ் சொல்வது தரையைக் கடக்கும் வேகம். இறக்கையைத் தூக்குவது காற்றைக் கடக்கும் வேகம். பின்காற்றில் ஜிபிஎஸ் 80 காட்டும்போது விமானம் விழும் நிலையில்கூட இருக்கலாம். மூக்கிலோ இறக்கை நுனியிலோ காற்றுவேக சென்சாரின் பிட்டோ குழாயை வைத்தால் இரண்டாவது வேகம் நேரடியாகக் கிடைக்கும். பேட்டரியைச் செருகும்போது அந்தக் குழாயின் வாயைக் கையால் லேசாக மறைத்துப் பிடியுங்கள், அப்போதுதான் அது பூஜ்ஜியத்தைச் சரியாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் மெதுவாக ஊதிப் பாருங்கள், திரையில் எண் ஏறினால் சரி. சாரல் நீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் கணக்கு கெடும். சாரல் காலத்தில் பறக்கவிடவே வேண்டாம், எந்த போர்டும் அந்தக் காற்றில் காப்பாற்றாது.

இன்னொன்று, ரிமோட் தொடர்பு அறுந்தால் விமானம் திரும்பிவரும் உயரம் நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. 100 மீட்டர் என்று விட்டுவைத்தால் கிழக்கே வயல் பக்கம் சரி, மேற்கே மலை அதைவிட உயரம். ஆகவே மேற்கு எல்லையில் ஜியோஃபென்ஸ், அதாவது விமானம் தாண்டக்கூடாத வேலி, மென்பொருளில் போட்டுவிடுங்கள். காட்டுக்கு மேல் போகவே கூடாது.

மின்சாரத்தில் நான் ஒரு விமானத்தை இழந்திருக்கிறேன். இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சர்வோ மோட்டார்களுக்கும் போர்டுக்கும் ஒரே 5 வோல்ட் பெக் (பேட்டரி வோல்ட்டைக் குறைத்துத் தரும் சின்னக் கருவி) கொடுத்திருந்தேன். ஒரு சர்வோ இறுகி மின்னோட்டத்தை இழுத்ததும் வோல்ட் சரிந்து, போர்டு நடுவானில் அணைந்து மறுபடி எழுந்தது. அது எழுவதற்குள் விமானம் தென்னை மட்டையில். சர்வோக்களுக்குத் தனி பெக் கொடுங்கள். போர்டில் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் சின்ன பாரோமீட்டர் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்சு ஒட்டுங்கள், வெளிச்சமும் காற்றும் பட்டால் உயரம் ஏறி இறங்கிக் காட்டும். ரிமோட் தொடர்பு அறுந்தால் என்ன செய்கிறது என்று பார்க்கும் ஃபெயில்சேஃப் சோதனையைத் தரையில், புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

2021 ட்ரோன் விதிகளின்படி 2 கிலோ வரை, வணிகமில்லாத பறத்தலுக்குப் பைலட் உரிமம் வேண்டாம். பதிவு எண் வேண்டும். முன் அனுமதி கேட்க வேண்டாத பச்சை மண்டலத்தில் 400 அடிக்குள் பறக்கவிடுங்கள், அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் ஊரைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: விமானத்தின் நிலையைத் தரைக்கு அனுப்பும் 915 மெகாஹெர்ட்ஸ் டெலிமெட்ரி ரேடியோ இங்கே பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், ஆரியங்காவு

பதில்: வேண்டாம். அது அமெரிக்க அலைவரிசை. அதன் பக்கத்தில் இங்கே உரிமமில்லாமல் திறந்திருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. வாங்கும்போதே 868 என்று கேட்டு வாங்குங்கள், அமைப்பிலும் அந்த எல்லைக்குள் வைத்து ஒரு முறை சரிபாருங்கள்.